அண்ணி போட்ட கோவிந்தா

அந்த இசைக்குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் தேடிப் பிடித்துக் கேட்பீர்கள். உங்களில் ஓரிருவருக்காவது பிடித்துவிடும். அப்புறம் உங்கள்மேலும் எனக்குப் பொறாமை வரும். ஏற்கெனவே இருப்பதையே கட்டிக்கொண்டு மாரடிக்க முடியவில்லை.

அண்ணியின் பெயரையும் சொல்லமாட்டேன். காரணம் அதேதான். பெயர் தெரிந்தால் ஆளைப் பார்க்கத் தோன்றும். போய்ப் பார்த்தால் பத்து நிமிடத்தில் நீங்களும் அவர் கட்சி ஆகிவிடுவீர்கள். என் பக்கம் நாலு பேராவது மிச்சம் இருக்கட்டும்.

எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அவர் விழுப்புரம் வந்தபோது என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மருந்தாளுநர் படிப்பு படித்தவர். வந்த சூட்டோடு சூடாகப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆள் குள்ளம். நடை வேகம். கைப்பையைத் திறந்தால் வாயுவுக்கு, தலைவலிக்கு, சுளுக்குக்கு என்று ஒரு சின்ன மருந்துக்கடையே இருக்கும். யாராவது லேசாக முகத்தைச் சுளித்தால் போதும், கை பைக்குள் போய்விடும்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே ஆரம்பித்தது. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற வழக்கம் கிடையாது. உப்பு இல்லையென்றால் மட்டும் பேசுவோம். அப்பா இருந்தவரைக்கும் அப்படித்தான், பிறகு நானும் அண்ணனும் அதையே பின்பற்றினோம். புது மருமகள் ஒரு வாய் வைத்தார். சாப்பிடுவதை நிறுத்தினார். அடுப்படிப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"அத்தை, இந்த மாதிரி கொழம்ப நான் எங்கயும் தின்னதே இல்ல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எதற்கென்று தெரியாமல், பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"யாராவது சொல்லணும் இல்ல?"

அண்ணி என்றால் எனக்கு இந்த ஒரு வரிதான். நல்லதாக ஒன்றைக் கண்டால் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. உடனே சொல்லவேண்டும், சத்தமாகச் சொல்லவேண்டும், யாருக்குப் போய்ச் சேரவேண்டுமோ அவர் காதில் விழும்படி சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, நாம் நெளிந்தால், "யாராவது சொல்லணும் இல்ல?" என்பார். அந்த வேலையை ஊரில் யாரோ ஒருவருக்கு ஒதுக்கியிருந்த மாதிரியும், அந்த ஆள் வராததால் தான் செய்ய நேர்ந்த மாதிரியும் இருக்கும் அந்தக் குரல்.

செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்தில் ஓர் உறவுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் ரசம் நன்றாக இருந்தது. எல்லோருக்கும்தான் நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அண்ணி கை கழுவிய கையோடு மண்டபத்துக்குப் பின்னால் சமையல் நடக்கிற இடத்துக்குப் போய்விட்டார். புகையில் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்த சமையல்காரரிடம், "அண்ணே, ரசம்னா இதான் ரசம்" என்றார். அந்த மனிதர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அத்தனை நேரம் உதவியாளர்களைத் திட்டிக்கொண்டிருந்த வாயால், "சாப்ட்டியாம்மா, எலைல எதுவும் கொறையில்லையே?" என்று விசாரித்தார். நாங்கள் கிளம்பும்போது ஒரு தூக்கு நிறைய ரசம் நாங்கள் வந்த வேனுக்கு வந்தது. பெண்ணின் சித்தப்பாவுக்கே அந்த மரியாதை கிடைக்கவில்லை. "இது என்னாடா பேஜாரா இருக்குது, கல்யாணப் பொண்ணவிட உங்க அண்ணிக்குத்தான் கவனிப்பு" என்று அவர் என்னிடம் சொன்னார். அவருக்கும் எரிந்திருக்கிறது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

நீங்கள் கேட்கலாம், ஒருவர் எல்லோரையும் வாயாரப் பாராட்டுகிறார், இதில் உனக்கு என்ன எரிச்சல் என்று. சொல்கிறேன். அந்தக் குழம்பு எனக்கும் பிடிக்கும். அண்ணியைவிட இருபது வருடம் முன்னாலிருந்து பிடிக்கும். ஆனால் அம்மாவுக்கு அந்தக் குழம்பு என்றால் அண்ணிதான். வாளை மீன் கருவாடு வந்தால், "அவளுக்குப் புடிக்கும்" என்பாள். எனக்கும் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்?

அம்மா அண்ணி பக்கம் போனது போகட்டும் என்று விட்டிருந்தேன். எனக்கென்று தனியாக ஒன்று இருந்தது. அதுதான் அந்த இசைக்குழு.

நான் கணக்கு டியூஷன் எடுக்கிறவன். வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு பலகை, சாயங்காலமானால் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள். பகல் முழுக்க என் பொழுது. அந்தப் பொழுதில் இணையத்தில் எதையோ தேடப்போய் எங்கோ இடறி விழுந்து கண்டுபிடித்தேன். அந்த வகை இசையை மேத் ராக் என்பார்கள். நம் சினிமாப் பாட்டில் பெரும்பாலும் நாலு நாலாக அடி விழும், கேட்கிறவன் கால் தானாகத் தாளம் போடும். இவர்கள் ஏழு அடிப்பார்கள், அடுத்து ஐந்து, அதற்கடுத்து என்ன என்று நாம் முடிவு செய்வதற்குள் வேறொன்று. மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அப்போது வயிறு ஒரு எம்பு எம்பும் இல்லையா, அதேதான் இதிலும். பெங்களூர்க் குழு. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ் வாசிப்பது ஒரு பெண். பாடுகிறவர் கிடையாது. ஆகவே பாட்டு என்று சொல்வதே பழக்கதோஷம்தான்.

விழுப்புரத்தில் இதைக் கேட்கிறவன் நான் ஒருவன்தான் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அண்ணனுக்கு ஒருதடவை போட்டுக் காட்டினேன். "என்னாடா, ஸ்பீக்கர்ல எதனா கோளாறா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் புரியாத ஒன்று நம்மிடம் இருப்பதில் ஒரு சுகம் உண்டு. வேலைக்குப் போகாத பிள்ளை, கல்யாணத்துக்கு ஜாதகம் எடுக்கத் தயங்குகிற பிள்ளை என்று வீட்டில் எனக்கு இருந்த பெயர்களுக்கெல்லாம் பதிலாக, உள்ளுக்குள் இதை வைத்திருந்தேன்.

துணி காயப்போட மாடிக்கு வந்த அண்ணி ஒருநாள், என் இயர்போனிலிருந்து கசிந்த சத்தம் கேட்டு அறை வாசலில் நின்றார்.

"என்னா தம்பி அது? தடுக்கித் தடுக்கி ஓடுது?"

"உங்களுக்குப் புடிக்காது அண்ணி."

"குடு பாக்கலாம்."

காதிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டார். முதல் நிமிடம் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு நிம்மதி. பிறகு ஓர் இடத்தில் தாளம் உடைந்து திரும்பியபோது சிரித்துவிட்டார். இன்னோர் இடத்தில் மறுபடியும். நான் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்திருந்த இடங்கள் அவை. நான் ஒருநாளும் அங்கே சிரித்ததில்லை.

"ஒவ்வொரு வாட்டியும் ஏமாத்துறாங்க தம்பி. நல்லா இருக்குது."

"இங்க ஏழு வருது அண்ணி. அடுத்தது அஞ்சு. சேத்து எண்ணினா—"

"எண்ணிக்கினு இருந்தா எப்ப கேப்ப?" என்றார். கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அடுப்படியில் அந்த மெட்டு கேட்டது. அண்ணி பாடிக்கொண்டிருந்தார், அதுவும் தப்பாக. ஏழையும் ஐந்தையும் தட்டி நிமிர்த்தி, நாலு நாலாக்கி, கும்மிப் பாட்டு ஆக்கிவிட்டிருந்தார். கூடவே அம்மா கீரை ஆய்ந்துகொண்டு "ம்ம் ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தாள். உலகத்தில் யாருக்கும் புரியாத என் இசை, எங்கள் வீட்டு முளைக்கீரையோடு சேர்ந்து ஆய்ந்து முடிக்கப்பட்டது. போய்த் திருத்தலாமா என்று இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அந்தக் குழு சென்னைக்கு வருகிறது என்ற செய்தியைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு டிக்கெட் எடுத்தேன், எனக்கும் சென்னையில் இருந்த கல்லூரி நண்பனுக்கும். ஏன் அவ்வளவு பரபரப்பு என்று சொல்லவேண்டும். அவர்களுடைய ஒரு பாட்டில் ஓர் இடம் வரும். நான்கு பேரும் சேர்ந்து ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். முழு நிசப்தம். பதிமூன்று எண்ணுகிற நேரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் நான்கு பேரும் ஒரே அடியில் திரும்ப வந்து விழுவார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் வாசித்ததிலேயே உயர்ந்தது அந்த வாசிக்காத இடம்தான். மாடி அறையில் தனியாக உட்கார்ந்து அந்தப் பதிமூன்றை எத்தனை தடவை எண்ணியிருப்பேனோ தெரியாது. நேரில் போனால், அதை எண்ணத் தெரிந்த இருநூறு பேர் என்னைச் சுற்றி நிற்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நிற்போம். நான் போனது பாட்டுக்காக இல்லை. அந்த நிசப்தத்தில் ஒருமுறை கூட்டத்தோடு நிற்பதற்காகப் போனேன்.

கச்சேரிக்கு முதல் நாள் நண்பன் வரமுடியாது என்று சொல்லிவிட்டான். அண்ணனுக்கு அது வசதியாகப் போயிற்று.

"உங்க அண்ணி அவ சித்தி வீட்டுக்குத் தாம்பரம் போணும்னு சொல்லிக்கினே இருக்கறா. நீ கூட்டிக்கினு போ. கச்சேரிய அவளும் பாக்கட்டும். முடிஞ்சதும் அங்க உட்டுட்டு வந்துடு."

"அவங்களுக்குப் புடிக்காதுண்ணா."

"அவளுக்குப் புடிக்காதது எதுடா?" என்றான் அண்ணன். அதுதானே என் பயமும்.

ரயிலில் போனோம். திண்டிவனம் வந்ததும் ஜன்னல் வழியாக, "அதோ தெரியுது பாரு, அந்த ஸ்கூல்லதான் படிச்சேன்" என்றார். போகிற ஒவ்வொரு தடவையும் காட்டுவார். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற அம்மாவிடம் இரண்டு பொட்டலம் வாங்கி, ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு, அவர் அடுத்த பெட்டிக்குப் போகுமுன் கூப்பிட்டு, "உப்பு அளவா போட்டுக்கிற" என்று சொல்லி அனுப்பினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரங்கம் என்பது பழைய கிடங்கு ஒன்றை ஒழுங்கு பண்ணி வைத்திருந்த இடம். நாற்காலிகள் கிடையாது. எல்லோரும் கறுப்புச் சட்டையில் இருந்தார்கள், நானும் அதற்கென்றே ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். அண்ணி மயில்கழுத்துக் கலர் புடவையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு நின்றார்.

"உக்கார எடம் இல்லையா? டிக்கெட்டுக்குக் காசு வாங்கினாங்க இல்ல?"

"நின்னுக்கினுதான் கேக்கணும் அண்ணி."

"கோயிலு மாதிரிதானா? சரி." மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தார். தோலை ஒழுங்காகக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற நீலமுடிப் பெண்ணுக்கும் ஒரு கை கொடுத்தார். அவள் வாங்கித் தின்றாள்.

வெளிச்சம் அணைந்தது. அவர்கள் வந்தார்கள். முதல் அடி நெஞ்சில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் சத்தமில்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி உடைகிற இடங்களிலெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு வந்தது. ஏறிக்கொண்டே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நின்றது.

ஒன்று. இரண்டு. இருநூறு பேர். யாரும் இருமக்கூட இல்லை. மூன்று. நான்கு. என் வாழ்க்கையில் முதல்தடவையாக நான் தனியாக இல்லை. ஐந்து. ஆறு. ஏழு.

"கோவிந்தா... கோ...விந்தா."

என் பக்கத்திலிருந்து வந்தது. கோயில் வாசலில் தீக்குழிக்கு முன்னால் நின்று போடுகிற கோவிந்தா. அடிவயிற்றிலிருந்து எடுத்து, நடுவில் இழுத்து, கடைசியில் ஓங்கி விட்ட கோவிந்தா. கிடங்கின் தகரக் கூரையில் போய் முட்டித் திரும்பி வந்தது.

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. இருநூறு தலைகள் திரும்பின. மேடையில் அந்தப் பெண் குச்சிகளை உயர்த்தியபடி நின்றுவிட்டாள். கிட்டார்க்காரர்கள் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. எனக்கு அது தெரிந்தது, பதிமூன்று எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. கணக்குக்கென்றே பெயரெடுத்த நான்கு பேர், எங்கே நுழைவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது பின்னாலிருந்து யாரோ ஒரு பையன், தயங்கித் தயங்கி, "கோவிந்தா" என்றான். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையனாகத்தான் இருக்கவேண்டும். அண்ணி விடுவாரா? மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை பாதிக் கூட்டம் திருப்பிச் சொன்னது. டிரம்ஸ் பெண்ணின் முகத்தில் சிரிப்பு வந்தது. மூன்றாவது கோவிந்தாவின் கடைசி "தா"வில் இரண்டு குச்சிகளையும் இறக்கினாள். நான்கு பேரும் வந்து விழுந்தார்கள். கிடங்கே எழுந்து குதித்தது. நீலமுடிப் பெண் அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

நான் மட்டும் குதிக்கவில்லை. அந்த இருநூறு பேரும் நிஜமாகவே எண்ணிக்கொண்டுதான் இருந்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

முடிந்ததும் டிரம்ஸ் பெண் மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தாள். அவளிடம் சொல்வதற்கு நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். விழுப்புரத்திலிருந்து வருகிறேன் என்று ஆரம்பிக்கும். அதற்குள் அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிக்கலையா உனக்கு? இம்மா நேரம் அடிச்சியே."

"வலிக்கும் ஆண்ட்டி, தினம் வலிக்கும்" என்றாள் அவள், பெங்களூர்த் தமிழில்.

கை பைக்குள் போயிற்று. மல்லாட்டைத் தோலுக்கடியிலிருந்து சுளுக்கு மருந்து வந்தது. "படுக்கறப்ப தடவிக்க. தேய்க்கக்கூடாது, மேலாக்க தடவணும். நல்லா அடிக்கிற கண்ணு. ஒவ்வொரு வாட்டியும் ஏமாத்துற." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையாகவும் இருக்கலாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க அக்காவா?" என்று கேட்டாள்.

"அண்ணி" என்றேன்.

என் வாழ்நாளில் அந்தக் குழுவோடு நான் பேசிய ஒரே சொல் அதுதான்.

தாம்பரம் போகிற வழியெல்லாம் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்த்துவிட்டு அண்ணியே ஆரம்பித்தார்.

"என்னா தம்பி, கோவமா?"

"ஏன் அண்ணி அங்க கத்துனீங்க?"

"கத்தாம? ஏத்திக்கினே போயி டக்குனு நிறுத்திட்டு நம்ம மூஞ்சியப் பாக்கறாங்க. எங்க ஊரு தீமிதில பம்பக்காரங்க அந்த மாதிரி நிறுத்தினா ஊரு கோவிந்தா போடணும். அதுக்குத்தான் நிறுத்தறதே. போடலன்னா அவங்களுக்கு அவமானம். 'இந்த ஊர்ல ஆளே இல்லையா'ன்னு பம்பைய எறக்கி வெச்சிடுவாங்க. நானும் பாத்தேன். இத்தினி பேரு நின்னுக்கினு இருக்காங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. அந்தப் பொண்ணு பாவம் குச்சியத் தூக்கிக்கினு காத்துக்கினு இருக்குது. யாராவது சொல்லணும் இல்ல?"

"அவங்க காத்துக்கினு இல்ல அண்ணி. சும்மா இருக்கறதுதான் அங்க பாட்டே."

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லி இருக்கலாம் இல்ல தம்பி? நான் கெடுத்துட்டனா?"

ஆமாம் என்று வாய்வரைக்கும் வந்து நின்றது. கெடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். அவர் கெடுக்கவில்லை.

சில மாதம் கழித்து அன்றைய கச்சேரியின் பதிவை அவர்களே வெளியிட்டார்கள். கோவிந்தாவை வெட்டாமல் வைத்திருந்தார்கள். கேட்டவர்கள் அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். அது முன்கூட்டியே ஏற்பாடு செய்தது என்றார் ஒருவர். கோயிலில் பதிவு செய்து ஒட்டியது என்றார் இன்னொருவர். "அது எங்கள் அண்ணி, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்" என்று தட்டச்சு செய்தேன். இரண்டாவது பாதி என் பெருமைக்காக மட்டும்தான் என்று தோன்றியதும் முழுவதையும் அழித்தேன்.

அண்ணியிடம் போட்டுக் காட்டினேன். சந்தோஷப்படுவார், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் எரியலாம் என்று ஒரு தயாரிப்போடுதான் போனேன்.

"என் கொரலா இது? தகர டப்பாவ உருட்டின மாதிரி இருக்குது" என்றார். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று துணி எடுக்க மேலே ஓடிவிட்டார். மறுபடி ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. எனக்குக் கிடைக்காத ஒன்றை எடுத்துக்கொண்டவர் அதைப் பத்திரமாகவாவது வைத்திருக்கவேண்டாமா? கேட்டார், பிடித்தது, சொன்னார், போய்விட்டார். நான்தான் இன்னும் அதன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அண்ணன் திண்டிவனத்தில் இடம் பார்த்தான். அண்ணி சொந்தமாக மெடிக்கல் வைத்தார். தனிக்குடித்தனம் போனார்கள். திண்டிவனம் ஒன்றும் சீமை இல்லை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனாலும் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் அம்மா சோறு போட்டுவிட்டு எதிரே நின்றாள்.

"கொழம்பு எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

"இத நான் கேட்டுத்தான் சொல்லணுமா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போதும் எனக்கு அண்ணிமேல்தான் பொறாமை வந்தது. எங்கள் வீட்டில் இப்படியொரு பசி இருக்கிறது என்பதை வந்த முதல் நாளே கண்டுபிடித்தவர் அவர். நான் பிறந்ததிலிருந்து அங்கேயே சாப்பிடுகிறவன்.

போன மாதம் அந்தக் குழு மறுபடி சென்னைக்கு வந்தது. இதோடு கலைகிறோம், கடைசிக் கச்சேரி என்று அறிவித்திருந்தார்கள். இந்தத் தடவை நானே அண்ணியைக் கூப்பிட்டேன். போனில் பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கச்சேரி தம்பி?"

"நாம போனமே அண்ணி. நீங்க கோவிந்தா போட்டீங்களே."

"அதுவா? அதான் அப்பவே கேட்டாச்சே. நீ போய்ட்டு வா."

போனேன். அதே கிடங்கு, கூட்டம் முன்னைப்போல இரண்டு மடங்கு. அந்தப் பாட்டு வந்தது, ஏறியது, நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற பையனின் உதடு அசைவதைப் பார்த்தேன். அவனும் எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் நின்ற பெண்ணும் எண்ணிக்கொண்டிருந்தாள். பதிவில் அண்ணியின் குரல் ஏழில் வரும். அந்த ஏழுக்காக மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தது. நான் அன்றைக்கு எதற்காக வந்தேனோ, அது இதுதான். அதை எனக்குச் செய்துகொடுத்தவர் திண்டிவனத்தில் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தார். ஏழு வந்தது. கிடங்கே பிளந்துபோகிற மாதிரி "கோவிந்தா" என்று எழுந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணியே போன் செய்தார்.

"என்னா தம்பி, கச்சேரி எப்படி? யாராவது கோவிந்தா போட்டாங்களா?"

"எல்லாருமே போட்டாங்க அண்ணி."

"நீ போட்டியா?"

"இல்ல அண்ணி. நான் எண்ணிக்கினு இருந்தேன்."

அந்தப் பக்கம் கடகடவென்று சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, "சரி, அத்தை என்னா செஞ்சாங்க இன்னிக்கி?" என்றார்.

"கருவாட்டுக் கொழம்பு."

"எப்படி இருக்குது?"

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். போனில் அண்ணி காத்துக்கொண்டிருந்தார். வீட்டில் சத்தமே இல்லை. பழக்கம் விடுமா, ஒன்று, இரண்டு என்று உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது.

"நல்லா இருக்குது" என்றேன். போதவில்லை என்று தோன்றியது. "இந்த மாதிரி கொழம்ப நான் எங்கயும் தின்னதே இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன். தெருவுக்குக் கேட்டிருக்கும். குரல் பிசிறிப்போய், எனக்கே கூச்சமாக இருந்தது.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விறுவிறுவென்று வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, நீ சொல்லிக் குடுத்தியா இவனுக்கு?"

அவ்வளவுதான். அப்புறம் அவர்கள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணனுக்குச் சளி தேவலையா, கடை எப்படிப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. நான் சொன்னதும் அண்ணியின் கணக்கில்தான் சேர்ந்தது. வயிற்றெரிச்சலோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

காதில் போனை இடுக்கியபடியே அம்மா அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து, நான் கேட்காமலே, என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.